ஐம்பத்தேழாவது படி

மகள் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போன பாக்கியநாதனை, முதலில் ஒரு சீஷனைப் பிடித்துக்கொண்டு வா என்று மிஷன் கோயிலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

திருவள்ளூர் ரயிலடிக்குப் பின்னால் இருந்த அந்தக் கோயிலில் கல்யாணம் என்றால், அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை போதகர் ஓலை வாசித்தாக வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது என்று சபைக்கு நடுவே மூன்று தரம் அறிவிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர். அது இல்லாமல் தாலி இல்லை.

பாக்கியநாதன் பூவராகவன் ரைஸ் மில்லில் பாய்லர்மேன். உமி அள்ளிப் போட்டுப் போட்டுப் புருவம் பாதி கருகிப்போன மனிதர். மனைவி போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இருந்தது ஒரே மகள் சுகிர்தம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த பாக்கியராஜுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். பையன் தங்கம். பையனுடைய அம்மா மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

"லெந்து நோம்பு பொறந்துட்டா நாப்பது நாளு கோயில்ல கல்யாணம் கெடையாது. ஈஸ்டருக்கு அப்பால இவனை எந்த ஊருக்குத் தூக்கிப் போடுவானோ தெரியாது. லெந்துக்கு முன்னாடி முடிச்சா உங்க பொண்ணு. இல்லாங்காட்டி வேப்பம்பட்டுல ஒண்ணு பாத்து வெச்சிருக்கோம்."

லெந்துக்கு ஏழு வாரம் இருந்தது. ஓலைக்கு மூன்று வாரம் போக நான்கு வாரம். போதும் என்றுதான் பாக்கியநாதன் நினைத்துக்கொண்டு போனார்.

போதகர் சற்குணம் நல்ல மனிதர். ஆனால் புதுத் திட்டம் வந்த நாளிலிருந்து அவர் யாரிடம் பேசினாலும் ஜன்னலைப் பார்த்தே பேசினார்.

"ஓலை வாசிக்கலாம்ப்பா. உனக்குக் கீழே யாரு?" என்று ஜன்னலைக் கேட்டார்.

"எனக்குக் கீழயா? பாய்லருக்குக் கீழ சாம்பக் குழி இருக்குதுங்க ஐயா."

"அது இல்ல. ஏணியில."

பாக்கியநாதன் சுவரைப் பார்த்தார்.

அந்த ஏணி வந்து ஒரு வருஷம் ஆகிறது. மேற்பார்வையாளர் ஏசடியான் பட்டணத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கியபோது கக்கத்தில் சுருட்டிய கித்தான் ஒன்று இருந்தது. பிரித்து மாட்டினால் தரையிலிருந்து உத்தரம் வரை ஓர் ஏணிப் படம். படிக்கு ஒரு பெயர். உச்சிப் படியில் ஏசடியான். அடுத்த படியில் போதகர். அப்படியே இறங்கி இறங்கி ஐம்பத்தேழு பேர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கைநாட்டு.

அன்றைக்கு அவர் செய்த பிரசங்கத்தைச் சபை இன்றுவரை மறக்கவில்லை.

"அன்பானவர்களே, நம் தேசம் ஐந்தாண்டுத் திட்டம் போடுகிறது. அணை கட்டுகிறது. நாம் மட்டும் ஏன் ஆளுக்கொரு பக்கமாக இரட்சிக்கப்பட வேண்டும்? இதுவரை நீங்கள் விசுவாசிகளாக இருந்தீர்கள். அது சுலபம். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாமல்கூட இருந்துவிடலாம். இனி நீங்கள் சீஷர்கள். ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே இருப்பவருக்கு உங்களைப் பற்றி எல்லாம் தெரியும். இதைவிடப் பெரிய அன்பு உண்டா?"

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். வழக்கமாகச் சொல்வதுதான்.

திட்டம் எளிமையானது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரவர் தமக்குக் கீழே உள்ளவரின் குறைகள் நான்கை ஒரு தாளில் எழுதி மேலே கொடுக்க வேண்டும். நான்கு வரி உண்டு. ஒரு வரி காலியாக இருந்தால், எழுதியவர் கணக்கில் பெருமை என்று ஒரு குறை ஏறும். ஊருக்குப் போவது, பெட்டிக்கடை வைப்பது, பிள்ளைக்குப் பெயர் வைப்பது எல்லாவற்றுக்கும் மேலே உத்தரவு கேட்க வேண்டும். மேலே இருப்பவர் தமக்கு மேலே கேட்பார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் முடிவெட்டிக்கொள்ள உத்தரவு கேட்டார். உத்தரவு உச்சிக்குப் போய்க் கீழே வருவதற்குள் முடி தோளைத் தொட்டது. அந்த வாரம் அவர்மேல் எழுதிய நான்கு குறைகளில் அது இரண்டாவது.

தையற்காரர் தாசய்யாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு சிரித்தவர்களும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். தாசய்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைத் தூக்கி, "ஐயா, உங்களுக்கு மேல யாருங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். படத்தில் ஏசடியானுக்கு மேலே ஒரு மேகம் வரைந்திருந்தது. ஏசடியான் அதைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறு தாசய்யா உட்காரும் பெஞ்சை இரண்டு சபை மூப்பர்கள் தூக்கி வெளியே வெயிலில் போட்டார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. வெளிப் பெஞ்சில் இருப்பவரோடு பேசுவதற்கும் மேலே உத்தரவு வேண்டும் என்று மட்டும் அறிவித்தார்கள். தாசய்யா நான்கு வாரம் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாவது வாரம் வரவில்லை. அவர் பெயர் இருந்த படியில் வேறு பெயர் ஒட்டியிருந்தது. "தாசய்யா எங்கே?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டதற்கு, அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தவரே, "எந்த தாசய்யா?" என்றார்.

பெயர்களைப் படிகளில் எழுதிய ஞாயிறன்று பாக்கியநாதன் பாய்லரை விட்டு வர முடியவில்லை. அதனால் கடைசியில் மிஞ்சிய படி அவருக்கு வந்தது. மேலே, வீடு வீடாகப் போய் வேதம் படித்துக் காட்டும் வேத ஸ்திரீ ஞானம்மா. கீழே தரை.

"கீழே ஆள் இல்லாதவர் காய்க்காத மரம். காய்க்காத மரத்தின் வீட்டுக்கு ஓலை இல்லை. மேலிடத்து உத்தரவு" என்று போதகர் ஜன்னலிடம் சொன்னார்.

மில்லுக்கு எதிரே கோணிக்கடை வைத்திருந்த ஹபிபுல்லாவிடம் முதலில் போனார் பாக்கியநாதன். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். இருபது வருஷப் பழக்கம்.

"வாய்யா பாய்லரு. நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு பாய். ஒரு உபகாரம். ஏழு வாரத்துக்கு எனக்கு சீஷனா இருக்க முடியுமா?"

ஹபிபுல்லா கோணியை உதறுவதை நிறுத்தவில்லை. "வேலை இன்னா அதுல?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். வாரா வாரம் உன் குத்தம் நாலு நான் எழுதிக் குடுப்பேன். அவ்ளோதான்."

"நாலே நாலா? என் பொஞ்சாதி மெஹர்னிசாவாண்ட வந்து கேளு, ஒரு மூட்டை கட்டி வெச்சிக்கினு இருக்குது. ஆனா அது என் மூஞ்சிக்கு நேராவே சொல்லும். நீ யாராண்ட சொல்லுவ?"

"மேல."

"மேலன்னா?"

"எனக்கு மேல. அப்பால அதுக்கு மேல."

ஹபிபுல்லா இப்போது கோணியைக் கீழே வைத்தார். "நான் முஸல்மான்யா, அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஒரு வருசமா எல்லாருடைய குத்தமும் மேல போய்க்கினே இருக்குதே, எதுனா கீழ எறங்கி வந்துச்சா?"

பாக்கியநாதன் யோசித்தார். "வரல பாய்."

"அப்ப அங்கியே இருக்குது" என்றார் ஹபிபுல்லா. சீஷனாக இருக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

மில் முதலாளி பூவராகவனிடம் கேட்டபோது, அவர் பாய்லர் சூட்டில் ஆளுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று பயந்து இரண்டு நாள் லீவு கொடுத்தார். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு கார்டு வந்தது. 'ஓலை எப்போது? வேப்பம்பட்டார் கேட்கிறார்கள்.'

வேறு வழியில்லாமல் பாக்கியநாதன் ஏசடியானையே பார்க்கப் போனார். கோயிலை ஒட்டிய அறையில் ஏசடியான் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் பச்சைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். ஐம்பத்தேழு என்று போட்ட பெட்டியைப் பாக்கியநாதன் பார்த்தார். அதுவும் மற்றவற்றைப் போலவே பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

"ஐயா, ஏணின்னா கடைசிப் படின்னு ஒண்ணு இருக்குந்தானுங்களே."

"இருக்கும். ஆனால் அது நீர்தான் என்று உமக்கு யார் சொன்னது? தன்னைக் கடைசி என்று நினைப்பது தாழ்மை அல்ல. அது ஒரு வகைப் பெருமை." அதை அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"அப்ப எனக்குக் கீழ ஒருத்தர் வந்தா, அவருக்குக் கீழ யாருங்க?"

"அது அவர் கவலை."

"ஊர்ல ஆளே தீந்துட்டா?"

"பாக்கியநாதன்" என்றார் ஏசடியான் இரக்கத்தோடு, "நான் வருவதற்கு முன் இந்தச் சபையில் சண்டை இருந்தது. கடன் இருந்தது. குடி இருந்தது. அதெல்லாம் இப்போதும் இருக்கிறது. ஆனால் இப்போது எங்களுக்குத் தெரியும். மற்றச் சபைகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் வாயைத் திறப்பதில்லை, என்ன சமாதானம் என்று ஆச்சரியப்படுகிறார்கள். ஒரு காலிப் படிக்காக இதை நான் தளர்த்தலாமா? வீட்டில் யார் யார்?"

"பொண்ணு ஒருத்திதாங்க. கண்ணாலம் ஆவாத பொண்ணுங்கள ஏணியில சேக்கலீங்களே."

"இனிச் சேர்க்கிறோம்."

அவரே கரிக்கட்டி எடுத்துப் போய், ஏணியின் காலுக்குக் கீழே, தரையிலேயே இன்னொரு படி வரைந்தார். சுகிர்தம் என்று எழுதினார். பாக்கியநாதன் இரண்டு கையையும் கூப்பினார். மகள் கல்யாணம் கைக்குள் வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை நாள் இது யாருக்கும் தோன்றாமல் போயிற்றே என்றும் நினைத்துக்கொண்டார்.

முதல் தாளில் அவர் உண்மையையே எழுதினார். குழம்பில் உப்பு கூட. விளக்குக்குத் திரி போட மறந்தாள். கோழியைத் திட்டினாள். சத்தமாகச் சிரித்தாள்.

ஞானம்மா அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "இன்னாப்பா இது, சமையக்கட்டு சமாச்சாரம்? மேல ஒத்துக்கல. மனசுக்குள்ள இருக்கிற குத்தம் வேணுமாம். இது சரியா வரலன்னா ஓலை கெடையாதாம். எனக்கும் சேத்து ஒரு வரி போட்டுட்டாங்க, கீழ இருக்கிறவனுக்கு எழுதச் சொல்லித் தரலன்னு."

"அது மனசுக்குள்ள இன்னா இருக்குதுன்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"எல்லாரும் எப்பிடி எழுதுறோம்? எதுனா போடு."

பாக்கியநாதன் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தார். சுகிர்தம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேஜாரு புடிச்ச தாளு. இன்னாம்மா எழுதறது?"

"பெருமை உள்ளவள்னு எழுது நைனா."

"நீயா?"

"கண்ணாடி பாக்கிறேன்ல. அப்பால பொறாமை. எதிர் ஊட்டுப் பொண்ணு கம்மலைப் பாத்தேன்."

"மூணாவது?"

"பொய் சொல்லுவாள். இந்த ரெண்டும் பொய்தானே, அதனால அது உண்மை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். மில் சங்கு ஊதியது. ஷிப்டுக்குப் போக வேண்டும்.

"நாலாவது காலியா இருக்குதே."

"வேற ஒருத்தன் மேல நெனப்புன்னு போடு. படிக்கிறவங்க நல்லாப் பொழுது போக்கட்டும்."

"ஏய். யாரு மேலன்னு கேட்டா?"

"பேரு போடாத. ஆம்பளைங்க அத்தினி பேரும் ஒரு வாரம் சட்டைக்கு இஸ்திரிப் பொட்டி போட்டுக்கினு கோயிலுக்கு வருவாங்க."

பாக்கியநாதன் எழுதினார். கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக, 'நல்ல முன்னேற்றம்' என்று சிவப்பு மையில் ஒரு சீட்டு வந்தது. கூடவே ஓலைக்கு உத்தரவும் வந்தது. சீட்டை அவர் மில்லுக்கு எடுத்துப் போய் ஹபிபுல்லாவிடம் காட்டினார். ஹபிபுல்லா இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

முதல் ஓலை வாசிக்கப்பட்டது. இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டது. சுகிர்தத்துக்கு மஞ்சள் கரைபோட்ட சேலை எடுத்தாயிற்று.

மூன்றாவது ஞாயிறு கும்மிடிப்பூண்டியிலிருந்து மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். போதகர் ஓலையை வாசித்து முடித்து, "இவர்கள் சேர்க்கைக்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லலாம்" என்றார். அது வாய்ப்பாடு. அதைச் சொல்லிவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அதற்குள் சபை இருமி முடித்துவிடும். அந்தக் கோயிலில் எவரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதே இல்லை.

அன்றைக்கு யாரும் இருமவில்லை.

ஏசடியான் எழுந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. தூரத்திலிருந்தே பாக்கியநாதனுக்கு அது தம்முடைய கையெழுத்து என்று தெரிந்தது.

"எனக்குத் தடை ஒன்றும் தெரியாது. நான் வெளியூரான்" என்றார் அவர் மென்மையாக. "ஆனால் பெண்ணுக்கு மேலே இருப்பவர் எழுதியிருக்கிறார். பெருமை உள்ளவள். பொறாமை உள்ளவள். பொய் சொல்லுகிறவள். நான்காவது வரி, வேறொருவன் மேல் நினைவாக இருக்கிறாள். பெற்ற தகப்பனைவிட யாருக்குத் தெரியும்? சொல்லும் பாக்கியநாதன், இது உம்முடைய கையெழுத்துதானே?"

மாப்பிள்ளையின் அம்மா மெல்லத் திரும்பினாள். பாக்கியராஜ் தலையைத் தூக்கவில்லை.

"என் கையெழுத்துதாங்க" என்றார் பாக்கியநாதன். "ஆனா அது சும்மா..."

"சும்மா என்ற ஒரு பிரிவு தாளில் இல்லையே." ஏசடியான் இரண்டு விரலை உயர்த்தினார். "இரண்டில் ஒன்றுதான். இது உண்மையானால், தடை உண்டு. ஓலை நின்றது. உண்மையை எழுதிய நீர் மேலே ஏறுவீர், நாற்பதாவது படி உமக்கு. இது பொய்யானால், பெண்மேல் குற்றமில்லை. கல்யாணம் நடக்கும். ஆனால் சபைக்குப் பொய்ச் சாட்சி எழுதியவருக்கு இந்த ஏணியில் இடமில்லை. யாரும் உம்மை வற்புறுத்தவில்லை. நாங்கள் யாரையுமே வற்புறுத்துவதில்லை."

பெண்கள் பக்கத்தில் சுகிர்தம் எழுந்துவிட்டாள். "ஐயா, நான்தான் நைனாவை..."

"நானே எழுதினேன்" என்று பாக்கியநாதன் அவள் குரலுக்கு மேலே குரல் கொடுத்தார். பாய்லர் இரைச்சலில் பேசிப் பழகிய குரல். "அது ஒண்ணும் சொல்லல. நாலும் பொய்யி. நானே என் இஷ்டத்துக்கு எழுதினேன்."

"நான்குமா?"

"நாலும்."

"ஞானம்மா, உமக்குக் கீழே இருப்பவர் இப்படிச் செய்தது உமக்குத் தெரியுமா?"

எதுனா போடு என்று சொன்ன ஞானம்மா, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா" என்றாள்.

"தடை இல்லை" என்றார் ஏசடியான் போதகரிடம். "முடியுங்கள். நாங்கள் நியாயம் தவறுகிறவர்கள் அல்ல."

போதகர் ஓலையை முடித்தார். கல்யாணம் உண்டு. அது போதும் என்று பாக்கியநாதன் உட்காரப் போனார். பெஞ்சு இல்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூப்பர்கள் சத்தமில்லாமல் அதை எடுத்துப் போயிருந்தார்கள்.

லெந்துக்கு ஏழு நாள் முன்னால், புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாணம். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை வந்தார் பாக்கியநாதன். படியில் மூப்பர் ஒருவர் நின்று அவள் கையை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"நைனா, வெளிய வந்ததும் மொதல்ல உன்னாண்டதான் பேசுவேன்" என்றாள் சுகிர்தம். "அழுவாத, மூஞ்சி நல்லா இல்ல."

அவர் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. உள்ளே பாட்டு முடிந்தது. இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்று போதகர் கேட்டது காதில் விழுந்தது. "நான்" என்றது ஏசடியானின் குரல்.

பிறகு பெயர்களைப் படிகளில் எழுதும் சடங்கு நடந்தது. ஐம்பத்தேழில் பாக்கியராஜ், ஐம்பத்தெட்டில் சுகிர்தம். கும்மிடிப்பூண்டி தூரந்தான், ஆனால் அன்புக்குத் தூரமில்லை, தாள்களைத் தபாலில் அனுப்பலாம் என்று ஏசடியான் சொன்னபோது சபை ஆமென் சொன்னது. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் முழங்காலிட்டு, உத்தரவில்லாமல் எதுவும் செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். சுகிர்தத்தின் குரல் தனியாகக் கேட்டது. தெளிவாகத்தான் இருந்தது.

கதவு திறந்தது. சபை வெளியே வந்தது. பெஞ்சைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல் போயிற்று. வாத்தியார் போனார். ஞானம்மா போனாள். மாப்பிள்ளையின் அம்மா போனாள். பட்டணம் போய் வண்டி மாற வேண்டும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஜட்காக்காரன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

சுகிர்தம் நேராகப் பெஞ்சுக்கு வந்தாள். பாக்கியநாதன் எழுந்து நின்றார். அவள் வாயைத் திறந்தாள்.

பிறகு திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

பாக்கியராஜ் தனக்கு மேலே இருந்த ஞானம்மாவைப் பார்த்தான். ஞானம்மா வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் மூப்பரைத் தேடினார். மூப்பர் உத்தரவு கேட்கக் கோயிலுக்குள்ளே போனார். வேப்பமரத்தடியில் நின்ற ஐம்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

"ஏறுங்கம்மா, வண்டி போயிடும்" என்றான் ஜட்காக்காரன்.

பாக்கியராஜ் அவள் முழங்கையைத் தொட்டான். சுகிர்தம் ஏறி உட்கார்ந்தாள். குதிரை நகர்ந்தது. பாக்கியநாதன் கையை ஆட்டினார். ஜட்கா ரயிலடி முனையில் திரும்பும்வரை அவள் முகம் வெளியேதான் இருந்தது. அவரைப் பார்க்கவில்லை. கோயில் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.